உள்ளே குத்திய தாள்

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, டெல்மார் சில்வேரா மாணவர் மையத்தின் உள்கூடத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை நான்கு குண்டூசிகளால் குத்திவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தான். தாள் சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டான். திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு மாணவர் பேரவைக் கூட்டம். கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்பதை எழுபத்திரண்டு மணி நேரம் முன்பாகவே ஊரார் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் சட்டம். நகராட்சிக்கு உள்ள அதே சட்டம்தான், பதினொரு பேர் கூடிப் பீட்சா தின்று கலைகிற இந்தப் பேரவைக்கும். கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே செயலாளர் என்ற முறையில் தன் கடமையை முடித்துவிட்டதில் டெல்மாருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை பிறந்தது. இருபத்தொன்பது வயதில் அவன் எதையாவது நேரத்துக்கு முன்னால் முடித்ததாக அவனுடைய அம்மாவுக்கே நினைவில்லை. அவன் பிறந்ததே பதினொரு நாள் தாமதமாக.

உண்மையில் அந்தத் தாள் இருக்க வேண்டிய இடம் வேறு. கட்டடத்துக்கு வெளியே, கொடிக்கம்பத்தின் அருகில், பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று அதற்கென்றே நிற்கிறது. அதன் சாவி அந்த நேரத்தில் பதினான்கு மைல் தள்ளி, அவனுடைய மாமாவின் பால்பண்ணையில், சாணி நாற்றம் தாங்காமல் கழற்றிப் போட்டிருந்த ஜீன்ஸின் பையில் கிடந்தது. மாற்றுச் சாவி வைத்திருக்கும் பேரவை ஆலோசகர் மிஸஸ் கூப்ளண்ட் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. பண்ணைக்குப் போய் எடுத்து வர நாற்பது நிமிடம் ஆகும். டெல்மார் யோசித்தான். இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று படித்தவர்கள் எத்தனை பேர்? அவனுக்குத் தெரிந்து ஒரே ஒருவர். இங்கேயோ, உணவுக் கடையில் நாச்சோ வறுவல் வாங்க நிற்கிற வரிசை இந்தப் பலகையை உரசிக்கொண்டுதான் நகரும். மக்களாட்சிக்கு நாச்சோ வரிசையைவிட நல்ல இடம் கிடையாது என்று தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனான்.

மாலை ஐந்து மணிக்கு மாணவர் மையத்தைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு.

அவன் செயலாளர் ஆன கதையும் இதே தரத்தில்தான் இருந்தது. ஆறாயிரம் பேர் படிக்கிற சமுதாயக் கல்லூரியில் அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதிலும் பாதிப் பேர், வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் ஹ்மாங் மாணவர் சங்கம் முட்டைச் சுருள் விற்றதால் வந்தவர்கள். செயலாளர் பதவிக்கு அவனைத் தவிர யாரும் நிற்கவில்லை. அப்படியும் ஒன்பது பேர் சிரமப்பட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ‘வேறு யாராவது’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பதவியோடு வண்டி நிறுத்த இலவச வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதற்காகத்தான் நின்றான். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை.

ஆனால் கிரிசெல்டா ஒசேகுவேராவின் விஷயம் வந்தபிறகு, அந்த வில்லையை நியாயமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற விபரீத ஆசை அவனுக்கு வந்துவிட்டது.

போன வருடம் உடற்கூறு ஆய்வகத்தில் கிரிசெல்டாவும் அவனும் ஒரே மேசை. ஒரு பூனையை இருவருமாக அறுத்தார்கள். அதாவது அவள் அறுத்தாள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குறிப்பெடுத்தான். இப்போது அவள் நர்ஸிங் வகுப்பில் கடைசிக்கு முந்திய செமஸ்டரில் இருந்தாள். பகலெல்லாம் கோழித் தொழிற்சாலையில் வேலை, மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை வகுப்பு. அந்த நான்கு மணி நேரமும் அவளுடைய நான்கு வயது மகள் ஷிமேனா, வளாகத்திலேயே இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள். மே மாதம் வரை காப்பகம் அப்படியே ஓடினால் கிரிசெல்டா நர்ஸ். ஜனவரியிலிருந்து மாலை நேரத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று அக்டோபரிலேயே பேச்சு அடிபட்டது. வியாழக்கிழமை அது கல்லூரி நிர்வாகக் குழுவின் கூட்டப் பட்டியலில் ஏழாவது பொருளாக அச்சாகி வந்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு வாக்கெடுப்பு. இடையில் வகுப்பை விட்டால், மறுபடி இடம் கிடைக்கக் காத்திருப்போர் பட்டியலில் இரண்டு வருடம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேரவை அறைக்கு அவளே வந்தாள். கோழித் தொழிற்சாலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“திங்கக்கிழமை உங்க கூட்டத்துல இது வந்தாகணும் டெல்மார். நாலு மணிக்குள்ள முத்திரை போட்ட தாள் ஒண்ணு என் கையில இருக்கணும். நீதானே அங்க எழுதறவன்?”

காப்பகத்தின் மாலை நேரத்தை நிறுத்தக் கூடாது என்று பேரவை நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தை அவன் ஒரு முழு இரவைச் செலவழித்து எழுதினான். தீர்மானம் என்றால் ‘என்பதைக் கருத்தில் கொண்டும்’ என்று முடிகிற பத்திகள் வரிசையாக வர வேண்டும் என்பது மரபு. நாலைந்து இருந்தால் போதும். அவன் பதினொன்று எழுதினான். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் கிரிசெல்டா அதை நின்றபடியே படித்தாள். நான்காவது பத்தியில் ‘ஏழைத் தாய்மார்கள்’ என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே ‘மாணவர்கள்’ என்று எழுதினாள். மீதியை அப்படியே விட்டாள். அந்த மீதியை நினைத்து அவன் மதியம்வரை மிதந்துகொண்டிருந்தான். சாவி மறந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை ஒரு மணிக்குப் பதினொரு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். இப்படி நடந்ததே இல்லை. பேரவைத் தலைவி மாய் யெர் லோர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்து மிரட்டியிருந்தாள். இருபது வயது, ஐந்தடிகூட இல்லை. சங்கக் கண்காட்சியில் யாரோ தலைவரின் மரச்சுத்தியலைத் திருடிக்கொண்டு போனதிலிருந்து ஸ்டேப்ளரை மேசையில் தட்டித்தான் கூட்டம் நடத்துவாள். பேரவையிலேயே வயதில் மூத்தவன் என்பதால் டெல்மாரை அவள் பெரியவரே என்றுதான் கூப்பிடுவாள்; அவன் அவளைத் தலைவரே என்பான். பின்வரிசையில் நான்கு தாய்மார்கள். அவர்களில் ஒருத்தியாகக் கிரிசெல்டா, கருஞ்சிவப்பு நர்ஸிங் சீருடையில், ஷிமேனாவை மடியில் வைத்துக்கொண்டு. சுவரோரம், வழக்கமான தன் நாற்காலியில், மிஸ்டர் வெண்டெல் ட்ராஸ்க்.

கண்ணாடிப் பெட்டியைப் படிக்கிற அந்த ஒரே ஒருவர் இவர்தான். எழுபத்தொரு வயது. மாவட்டக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மண்பாண்ட வகுப்பில் ஆறாவது முறையாகச் சேர்ந்திருக்கிறார். அவர் செய்த சாம்பல் கிண்ணங்கள் புகைபிடிக்கத் தடையுள்ள வளாகம் முழுக்கக் கிடக்கின்றன. பேரவைக் கூட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. பொதுமக்கள் பேசலாம் என்று மாய் யெர் அறிவித்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றினார்.

“தலைவரம்மா, நான் சனிக்கிழமை வந்தேன். ஞாயித்துக்கிழமையும் வந்தேன். பெட்டியில போன மாசத்துத் தாள்தான் இருந்தது. புதுசு உள்ள குத்தியிருக்கு, கதவு பூட்டியிருக்கு. கண்ணாடி வழியா தாள் தெரியுது, எழுத்து தெரியல. நான் பைனாகுலர்கூட எடுத்துட்டு வந்து பாத்தேன். இந்தக் கூட்டம் செல்லாதுங்கறத வருத்தத்தோட பதிவு பண்ணிக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டார். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. மீட்டரில் கண்ட எண்ணைப் படிப்பதுபோல்தான் சொன்னார். பைனாகுலரைக் கேட்டுச் சிரிக்க வாயெடுத்த டெல்மார், பத்துத் தலைகளும் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து வாயை மூடினான். உள்ளே குத்தினேன், நிறைய பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், நாச்சோ வரிசை, என்று ஏதோ சொன்னான். நாச்சோ என்ற சொல் அந்த அறையில் அவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

மிஸஸ் கூப்ளண்ட் கைப்பேசியோடு வெளியே போய்க் கல்லூரி வழக்கறிஞரிடம் பேசிவிட்டு ஒன்பது நிமிடம் கழித்து வந்தார். மிஸ்டர் ட்ராஸ்க் சொன்னது சரி; எழுபத்திரண்டு மணி நேரமும் யார் வந்தாலும் படிக்க முடிகிற இடத்தில் தாள் இருந்திருக்க வேண்டும். கூட்டம் செல்லாது. சிறப்புக் கூட்டம் போட வேண்டுமானால் இருபத்து நான்கு மணி நேரம் முன்னால் அறிவிக்க வேண்டும்; நிர்வாகக் குழு கூடுவதற்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. அவசரக் கூட்டம் என்று ஒன்று உண்டு. அதற்கு வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தாக வேண்டும். பின்வரிசையில் ஒரு தாய், இது எங்களுக்கு நிலநடுக்கம்தான் என்றாள். அது சட்டத்தில் இல்லை என்று மிஸஸ் கூப்ளண்ட் மெதுவாகச் சொன்னார்.

பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். செல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாக்கெடுத்துவிடலாம் என்றான் ஒருவன். எடுத்தால் நிர்வாகக் குழு வழக்கறிஞர் அதை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போடுவார், இருக்கிற மதிப்பும் போகும் என்றாள் மாய் யெர். அப்படியானால் பதினொரு பேரும் தனி மனிதர்களாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடலாமே என்றான் டெல்மார். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அதுவே பெரும்பான்மை, அதுவே ரகசியமாக நடத்திய கூட்டம், அதுவும் குற்றம் என்றார் மிஸஸ் கூப்ளண்ட். ஆறே ஆனாலும் குற்றம் என்று சுவரோரத்திலிருந்து மிஸ்டர் ட்ராஸ்க் திருத்தினார். ஆக ஐந்து பேர் போட்டார்கள். ஆறாவதாகப் பேனாவை எடுத்துவிட்ட பெண் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டெல்மார் மறுபடி எழுந்தபோது மாய் யெர் ஸ்டேப்ளரை மேசையில் வைத்தாள். தட்டக்கூட இல்லை.

“பெரியவரே, நீ கொஞ்ச நேரம் எதுவும் செய்யாம உக்காந்திரு. அதுதான் இப்ப உதவி.”

கிரிசெல்டா எழுந்தாள். மகளைப் பக்கத்திலிருந்த தாயிடம் விட்டுவிட்டு, சீருடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவனைத் தாண்டித்தான் வெளியே போனாள். அன்று மாலை வகுப்புக்குப் பதில் மதியமே ரத்த அழுத்தம் பார்க்கிற செய்முறைத் தேர்வு; அதற்காகத் தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்தாள். சரியாகப் போய்ச் சேர்ந்தாள், தேறவும் செய்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டான்.

ஒன்றரையிலிருந்து நான்குவரை டெல்மார் வளாகத்தில் அலைந்தான். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்ள ஆள் தயார், கொடுக்கத்தான் யாருமில்லை. மிஸஸ் கூப்ளண்டின் அறை வாசலில் நின்று, தான் தாளை ஒழுங்காக ஒட்டியிருந்தால் காப்பகம் பிழைத்திருக்குமா என்று கேட்டான். அவர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். “அப்படியெல்லாம் போட்டுக் குழப்பிக்காத கண்ணு. இதுல எத்தனையோ விஷயம் இருக்கு” என்றார். எந்தெந்த விஷயம் என்று அவன் கேட்டபோது தேநீர் வேண்டுமா என்றார். மண்பாண்டக் கூடத்துக்குப் போனான். மிஸ்டர் ட்ராஸ்க் சக்கரத்தில் உட்கார்ந்து இன்னொரு சாம்பல் கிண்ணத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். “தாளைப் பத்திக் கேளு தம்பி, சொல்றேன். அதுக்கப்புறம் என்ன ஆயிருக்கும்ங்கறதுல எனக்கு அபிப்பிராயம் கிடையாது” என்றார். நூலகத்தில் மாணவர்களுக்கான மன ஆலோசகர்கூட ஒருவர் இருந்தார். அவர், இந்தக் கேள்வி உனக்கு என்ன உணர்வைத் தருகிறது என்று திருப்பிக் கேட்டார். சாணி மிதித்த உணர்வு என்றான். அவர் எழுதிக்கொண்டார்.

நிர்வாகக் குழு, நூலகத்துக்கு எதிரே, வளைந்த மேசை போட்ட பெரிய அறையில் கூடியது. ஏழு உறுப்பினர்கள். பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்; மேடையில் மூன்று சின்ன விளக்குகள், பச்சை, மஞ்சள், சிவப்பு. மாய் யெர் பேசினாள். நான் தலைவியாகப் பேசவில்லை, தனி மாணவியாகப் பேசுகிறேன் என்று தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் அரையடி குட்டையானதுபோல் டெல்மாருக்குத் தோன்றியது. பிறகு, யாரும் எதிர்பாராமல், மிஸ்டர் ட்ராஸ்க் மேடைக்குப் போனார். அந்தக் காப்பகம் கட்டுவதற்கான வரிக்குத் தானும் வாக்களித்ததாகவும், வாக்குறுதி இரவு ஒன்பது மணிவரை என்பதாகவும், அதற்கான துண்டுப்பிரசுரம் இன்னும் தன்னிடம் இருப்பதாகவும் சொல்லி, அதைக் காட்டினார். மத்தியானம் தன் கையாலேயே இந்தக் காரியத்தைக் கவிழ்த்துவிட்டு வந்த மனிதரின் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. அவருக்கு அது ஒரு விஷயம், இது ஒரு விஷயம். அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நிம்மதி என்று டெல்மார் ஏங்கினான்.

கிரிசெல்டா கடைசியில் பேசினாள். அழவில்லை. எத்தனை மாணவர்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் எந்தச் செமஸ்டரில் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். “மே மாசம் வரைக்கும் மட்டும்” என்று அவள் தொடங்கியபோது சிவப்பு எரிந்தது. அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் விளக்கைப் பார்த்து, நிறுத்தி, நன்றி சொல்லி இறங்கிவிட்டாள்.

மேசையின் இடக்கோடியில் இருந்த மிஸ்டர் பெட்ரோசியன், பாதாம் தோட்டக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். இந்த விஷயத்தில் மாணவர் பேரவை ஏதாவது நிலைப்பாடு எடுத்திருக்கிறதா என்று கேட்டார். குழுவின் எழுத்தர் கோப்பைப் புரட்டி, எதுவும் வரவில்லை, ஐந்து தனிநபர்களின் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். மிஸ்டர் பெட்ரோசியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி” என்றார்.

நான்குக்கு மூன்று. நிறுத்துவது என்று முடிவாயிற்று. எட்டாவது பொருள், கால்பந்து மைதானத்தின் புல்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பாதாம் தோப்புகளின் பக்கமிருந்து பனிமூட்டம் தரையோடு தரையாக ஊர்ந்து, வாகன நிறுத்துமிடத்தின் விளக்குக் கம்பங்களைப் பாதிவரை விழுங்கியிருந்தது. டெல்மார் மாய் யெரைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டான். நாளைக் காலையில் தனக்குக் கணக்குத் தேர்வு என்றாள் அவள். “போய்த் தூங்கு பெரியவரே. மாடு காத்துக்கிட்டிருக்கும்” என்றாள். அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் அதற்கும் லாயக்கில்லாதவனாகத் தெரிந்தான் போலிருக்கிறது.

கிரிசெல்டாவின் கார் கடைசி வரிசையில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. அவள் பாதி உடலை உள்ளே விட்டு, குழந்தை இருக்கையின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஷிமேனாவின் ஒரு ஷூ கழன்று சக்கரத்தின் அருகே விழுந்திருந்தது. டெல்மார் அதைக் குனிந்து எடுத்தான். எடுத்தபிறகு, திரும்பிப் போக முடியாது என்று புரிந்தது.

மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை வெளியே எடுக்காமலே, தெரியும் என்றாள். தீர்மானத்தில் இன்னும் நான்கு பத்தி சேர்த்து அடுத்த வாரமே கொண்டுவந்துவிடலாம் என்றான். வார் சொடுக்கென்று மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்தாள்.

“இன்னிக்கு எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டேன் கிரிசெல்டா. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் அந்தத் தாள வெளியில ஒட்டியிருந்தா, காப்பகம் பிழைச்சிருக்குமா?”

அவள் அவனைப் பார்த்தாள். ஆய்வகத்தில் பூனையின் நுரையீரல் எது என்று தெரியாமல் அவன் விழித்தபோது பார்த்த அதே பார்வை. எரிச்சல் இல்லை, சுற்றி வளைக்க நேரமும் இல்லை.

“பெட்ரோசியன் தோட்டத்துக்கு நான் மூணு தடவ போனேன். அவர் பாதாம் கொட்டற ஷெட்டுல நின்னு பேசினேன். ஒரு பொம்பள வந்து அழுதான்னு என்னால மாத்திப் பேச முடியாது, மாணவர் பேரவை முத்திரையோட ஒரு தாள் கொண்டா, அதக் காட்டி மே வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்றேன்னாரு. கை குடுத்தாரு. மூணு பேரு ஏற்கெனவே நம்ம பக்கம். அவர் நாலாவது.”

“எங்கிட்ட நீ இதச் சொல்லவே இல்லையே.”

“சொன்னா நீ பயந்திருப்ப. பயந்தா நீ எதையாவது தப்பாப் பண்ணிடுவ.”

இதில் சிரிப்பதற்கு ஏதோ இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் முதலில் சிரித்திருப்பவன் அவன்தான். அவள் முன்கதவைத் திறந்து, புத்தகப் பையை உள்ளே எறிந்துவிட்டு, மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

“அதனால, ஆமா. நீ வெளியில ஒட்டியிருந்தா பிழைச்சிருக்கும். நான் மே மாசம் முடிச்சிருப்பேன். நீ கேட்ட, சொல்லிட்டேன்.”

காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அவள் சாவியைத் தேடும் சத்தம் கேட்டது. திறந்திருந்த பின்கதவு வழியாக ஷிமேனா, வெறும் காலுறை போட்ட காலை அவனை நோக்கி நேராக நீட்டி, அவன் கையிலிருந்த ஷூவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.